பீருக்குப் போன கதை

"அம்மா, நான் இங்கேருந்து அப்படியே பீருக்குப் போறேன், வர நாலு நாளாகும்" என்று தரம்சாலாவிலிருந்து போனில் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஐயோ, அது ஊர் பேரும்மா! இமாசலப் பிரதேசத்துல, மலையடிவாரத்துல, திபெத்துக்காரங்க அகதியா வந்து குடியேறின ஊரு, அங்கே ஒரு புத்த மடம் இருக்கு, அந்த மடத்துல ஒரு படம் எடுத்தாங்க, அந்தப் படத்தை அந்த ஊருலயே திரை கட்டிப் போடப் போறாங்களாம் என்று மூச்சு விடாமல் கொட்டினேன். அம்மா நிதானமாகக் கேட்டாள்: "அந்தப் படத்தை நீ ஏற்கெனவே பாத்ததில்லையா?" பார்த்திருக்கிறேன். 11 தடவை. அதைச் சொன்னால் போனை வைத்துவிடுவாள் என்று சொல்லவில்லை.

நடந்தது இதுதான். ரிது சரீன், டென்சிங் சோனம் தம்பதி 2012-ல் தொடங்கிய தரம்சாலா சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போயிருந்தேன். கடைசி நாள் ஒரு மோமோ கடையில், எதிரே உட்கார்ந்திருந்த தாடிக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: பீரில் ஒரு விடுதிக்காரம்மா மூன்று ராத்திரி புத்தப் படங்களாகப் போடுகிறார், டிக்கெட் கிடையாது, அவரவர் போர்வையை அவரவரே கொண்டுவர வேண்டும், மூன்றாம் நாள் 'தி கப்'. வாயில் இருந்த மோமோ சூட்டோடு தொண்டைக்குள் இறங்கிவிட்டது. கண்ணில் தண்ணீர். மோமோவால் வந்தது பாதி, மீதி சந்தோஷத்தில் வந்தது.

புத்தப் படங்களுக்கென்றே உலகத்தில் பெரிய விழாக்கள் உண்டு. 2003-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் சர்வதேச புத்தத் திரைப்பட விழா தொடங்கியது. சிங்கப்பூரில் 2009-ல் ஒன்று ஆரம்பித்தார்கள், அதன் பெயரை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும். பௌத்த சூத்திரங்கள் பெரும்பாலும் 'இவ்வாறு நான் கேட்டேன்' என்றுதானே தொடங்கும்? இவர்கள் விழாவுக்கு 'இவ்வாறு நான் கண்டேன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்! அப்படிச் சொல்லி ஒப்பித்த புத்தரின் சீடர் ஆனந்தரே கேட்டிருந்தால் சிரித்திருப்பார். இரண்டுக்கும் போக எனக்குக் காசும் இல்லை, லீவும் இல்லை. எனக்கு வாய்த்தது பீர்.

'தி கப்' தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. இந்தியாவில் ஒரு திபெத்திய மடம், அங்கே ஒர்கியென் என்று ஒரு குட்டித் துறவி, 1998 உலகக் கோப்பைக் கால்பந்துப் பைத்தியம், பிரான்ஸுக்கும் பிரேசிலுக்கும் நடக்கிற இறுதி ஆட்டத்தை மடத்துக்குள்ளேயே பார்த்தாக வேண்டும் என்று டி.வி.யையும் டிஷ்ஷையும் வாடகைக்கு எடுக்க அலைகிறான். அவ்வளவுதான் கதை! எடுத்தவர் கியென்ட்சே நோர்பு. பூடான்காரர், நிஜமாகவே பெரிய லாமா, பெர்ட்டொலூச்சியின் 'லிட்டில் புத்தா' படத்துக்கு ஆலோசகராகப் போய் அங்கேயே சினிமா கற்றுக்கொண்டு திரும்பியவர். 1999-ல் படம் வெளிவந்தது. நடித்தவர்கள் நடிகர்களே இல்லை, பீரில் இருக்கிற சோக்லிங் மடத்துத் துறவிகள். கேமரா முன்னால் அவரவர் அவரவராகவே இருந்துவிட்டார்கள். இன்னொரு கூத்து கேளுங்கள், இயக்குநரின் சொந்த நாடான பூடானில் டி.வி. வந்ததே அந்த 1999-ல்தான்!

பஸ் பாலம்பூர் தாண்டி, பைஜ்நாத் தாண்டிப் போனது. பைஜ்நாத் என்றால் வைத்தியநாதன், நம் வைத்தீஸ்வரன் கோயில் சாமிதான், இறங்கிக் கும்பிட ஆசை, ஆனால் பீரில் முதல் படம் 7 மணிக்கு. இடது பக்கம் தௌலாதார் மலை பனித்தொப்பி போட்டுக்கொண்டு கூடவே ஓடி வருகிறது. பீரில் இறங்கினால் வானத்தில் ஆட்கள்! பில்லிங் உச்சியிலிருந்து பாராகிளைடிங் குதித்தவர்கள் சிவப்பும் மஞ்சளுமாக மிதந்து வருகிறார்கள். ஊருக்கு வருகிற பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்களாம். "நீங்க குதிக்கலையா பையா?" என்று கேட்ட டீக்கடைப் பையனிடம், "நான் படம் பாக்க வந்தேன்" என்றேன். என்னை அவன் பார்த்த பார்வை இருக்கிறதே, அது அம்மாவின் மௌனத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

விடுதிக்காரம்மாவை எல்லோரும் 'அமா-லா' என்றார்கள். திபெத்திய மொழியில் அம்மாவுக்கு அதுதான் மரியாதையான விளி. இரண்டு நிமிஷத்தில் நானும் அமா-லா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன், நமக்கு அதில் என்ன கஷ்டம்? சாப்பாட்டு மேஜைகளை ஓரம் தள்ளி, தரையில் கம்பளம் விரித்து, சுவரில் இரட்டைக் கட்டில் பெட்ஷீட் ஒன்றை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அதுதான் திரை. மூலையில் புத்தர் படம், அதன் முன்னால் ஏழு கிண்ணம் தண்ணீர், ஒரு வெண்ணெய் விளக்கு. வெண்ணெய் விளக்கு வாசனை, அடுப்பில் கொதிக்கிற துக்பா சூப் வாசனை, ஈரக் கம்பளி வாசனை, மூன்றும் சேர்ந்து... சொல்லத் தெரியவில்லை, ஆனால் இப்போதுகூட எங்காவது ஈரக் கம்பளி மணந்தால் எனக்குப் பசிக்கிறது.

முதல் ராத்திரி கிம் கி-டுக். 2003-ல் வந்த கொரியப் படம், 'வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம்... மீண்டும் வசந்தம்'. ஏரி நடுவே மிதக்கிற ஒரு சின்னக் கோயில், ஒரு கிழத் துறவி, ஒரு பொடியன். ஜூசாஞ்சி என்கிற நிஜ ஏரியில், தண்ணீருக்குள்ளேயே வேர்விட்டு நிற்கிற மரங்களுக்கு நடுவே, அந்தக் கோயிலை செட்டாகப் போட்டு எடுத்துவிட்டு அப்புறம் பிரித்துவிட்டார்கள். பொடியன் மீன் மேலும் தவளை மேலும் பாம்பு மேலும் கல்லைக் கட்டிவிட்டுச் சிரிக்கிறான், மறுநாள் கிழவர் அவன் முதுகில் ஒரு கல்லைக் கட்டுகிறார். நீளமான அறிவுரை? ம்ஹூம்! கல்தான். அந்தக் கிழவரைப் பார்த்ததும் பின்வரிசையில் ஒரு காலேஜ் பெண் "ஏய், ஸ்க்விட் கேம் தாத்தா!" என்று கத்தினாள் பாருங்கள், மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது. ஆமாம், அவரேதான், ஓ யங்-சூ! 001-ம் நம்பர் தாத்தா! ஸ்க்விட் கேம் தொடருக்கு 18 வருஷத்துக்கு முன்னாலேயே இங்கே பூனையின் வாலை மையில் தோய்த்துப் பலகைத் தரையில் சூத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர்! பூனை மியாவ் என்று சலித்துக்கொள்ள, இவர் பாட்டுக்கு எழுதுகிறார், எழுதுகிறார், கொலைகாரனாகத் திரும்பி வந்த சிஷ்யனை உட்கார வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கத்தியால் செதுக்கச் சொல்கிறார், பிடிக்க வந்த போலீஸ்காரர்கள் கடைசியில் துப்பாக்கியைத் தள்ளி வைத்துவிட்டு அந்த எழுத்துகளுக்கு வர்ணம் தீட்டுகிறார்கள். நான் எழுந்து நின்று கைதட்டினேன். நான் ஒருத்தன் மட்டும். உட்காரச் சொன்னார்கள்.

இரண்டாம் ராத்திரியைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். கோன் இச்சிகாவாவின் 'பர்மிய யாழ்', 1956, கறுப்பு வெள்ளை. 1945, போர் முடிகிற நேரம், பர்மாவில் ஜப்பான் சிப்பாய்கள். மிசுஷிமா என்கிற சிப்பாய் யாழ் வாசிக்கிறவன். ஒரு துறவியின் உடையைத் திருடிப் போட்டுக்கொண்டு தன் படைக்குத் திரும்பி நடக்கிறான், வழியெல்லாம் பிணங்கள், புதைக்க ஆளில்லாத பிணங்கள், வேஷத்துக்குப் போட்ட காவி கொஞ்சம் கொஞ்சமாக அவன் தோலாகிவிடுகிறது, ஊருக்குக் கப்பல் ஏறாமல் அங்கேயே நின்றுவிடுகிறான். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு எங்கள் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. ரங்கூனில் அரிசி மில்லில் கணக்கு எழுதியவர். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு 1942-ல் ஆயிரக்கணக்கான தமிழர்களோடு காடும் மலையுமாக நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர். அந்த நடையைப் பற்றிக் கேட்டால் ஒரே ஒரு விஷயம்தான் சொல்வார்: "வழியில விழுந்தவங்களை மூடக்கூட நேரமில்லடா." சின்ன வயதில் நான் அதைக் கதையாகத்தான் கேட்டேன். திரையில் மிசுஷிமா வெறும் கையால் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தபோது, பக்கத்தில் யார், எவர் என்றெல்லாம் பார்க்காமல் அழுதேன். கேவிக் கேவி அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமா-லா இருட்டில் வந்து ஒரு கோப்பை வெண்ணெய்த் தேநீரைக் கையில் திணித்துவிட்டுப் போனார். உப்புக் கரித்தது. வெண்ணெய்த் தேநீரே உப்பு போட்டதுதான் என்று மறுநாள்தான் தெரிந்தது.

சரி, மூன்றாம் ராத்திரி. வாருங்கள், வாருங்கள், கிட்டே வாருங்கள், இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் துடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் 5 மணிக்கே போய் நடுவில் இடம் பிடித்துவிட்டேன். உள்ளே ஒரு மஞ்சள் பனியன், முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் நானே எழுதிய 9. பிரேசில் ரொனால்டோ நம்பர். படத்தில் ஒர்கியென் துறவி அங்கிக்கு அடியில் ரொனால்டோ பனியன் போட்டிருப்பானே, அதற்கு மரியாதையாக. மேலே ஸ்வெட்டர், அதன் மேல் ஜெர்கின், அதன் மேல் போர்வை, ஆக 9 இருப்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். வயது 38. சிரித்துக்கொள்ளுங்கள்.

6:30-க்கு வாசலில் சலசலப்பு. அரக்கு நிற அங்கியில் குட்டித் துறவிகள், ஒன்று, ரெண்டு, பத்து, இருபது, எண்ணுவதை விட்டுவிட்டேன். மடத்தில் அன்று மட்டும் அனுமதியாம். செருப்புகளை வாசலில் உதறிவிட்டுப் பாய்ந்து வந்து முன்னால் உட்கார்ந்தார்கள். என் மடியிலேயே பாதி உட்கார்ந்துவிட்ட ஒருத்தனுக்குப் பத்து வயதிருக்கும், மூக்கு ஒழுகல், கையில் ஒரு பாக்கெட் மசாலா சிப்ஸ். கேட்காமலேயே எனக்கு நீட்டினான். பின்னால் ஜெபச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே பாட்டிகள், பாராகிளைடிங் பைலட்டுகள், ரெண்டு வெள்ளைக்காரர்கள், மளிகைக்கடைக்காரர் குடும்பத்தோடு. இருபத்தைந்து பேருக்கான கூடத்தில் நூறு பேர். ஜன்னலெல்லாம் மூச்சுக்காற்றில் பனிபடர்ந்துவிட்டது. ஆச்சா? இப்போது விளக்கை அணைத்தார்கள்.

மடத்தின் முகப்பு திரையில் வந்தது. அவ்வளவுதான்! ஓவென்று ஒரு சத்தம்! நான் தூத்துக்குடிக்காரன், ரஜினி படத்துக்கு முதல் நாள் முதல் காட்சியில் சட்டை கிழிந்து போனவன், விசிலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், ஆனால் இந்த மாதிரி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அங்கே கத்தினவர்கள் ஹீரோவைப் பார்த்துக் கத்தவில்லை, தங்கள் வீட்டு வாசலைப் பார்த்து, தங்கள் சமையலறைச் சட்டியைப் பார்த்து, தாங்கள் இன்று காலை ஏறி இறங்கிய படிக்கட்டைப் பார்த்துக் கத்தினார்கள்! கண்டிப்புக்காரத் துறவி 'கெகோ'வாக வருகிற ஒர்கியென் தோப்கியால் திரையில் தோன்றியதும் பொடியன்களெல்லாம் சட்டென்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள் பாருங்கள், நிஜமாகவே அவர் கூடத்துக்குள் நுழைந்துவிட்ட மாதிரி! இன்னொரு துறவி லோதோவாக வருகிற நெட்டென் சோக்லிங்தான் பின்னாளில் 2006-ல் 'மிலரேபா' படத்தை இயக்கியவர், இந்த மடத்தின் ரின்போச்சேயாக, அதாவது பெரிய லாமாவாக, இருந்தவரே அவர்தான், அவர் முகம் வந்தபோது பாட்டிகள் திரையைப் பார்த்துக் கைகூப்பினார்கள். ஓரத்தில் ஒரு சின்னப் பையன் ஓடுகிற காட்சி, சுவரோரம் நின்றிருந்த ஒரு நடுத்தர வயதுக்காரர் "நான்! நான்! அது நான்!" என்று இந்தியில் கூவினார். நிஜமோ, கதை விட்டாரோ, எனக்கென்ன? நான் எழுந்து போய் அவர் கையைக் குலுக்கிவிட்டு வந்தேன்.

அப்புறம் டிஷ் காட்சி. கூரை மேல் ஏறி டிஷ்ஷைத் திருப்புகிறார்கள், கீழே இருந்து கத்துகிறார்கள், வரவில்லை, இன்னும் கொஞ்சம், வரவில்லை... ஐயோ, இது எங்கள் வீடு! இது எங்கள் மொட்டைமாடி! சின்ன வயதில் தூத்துக்குடியில் இலங்கை டி.வி. ரூபவாஹினி பிடிக்க அப்பா மாடியில் ஆன்டெனாவைத் திருப்ப, நான் படிக்கட்டில் நின்று, "இப்ப வருது... போச்சு! போச்சு! விட்டதை அப்படியே பிடிங்க!" என்று அலறியது அப்படியே திபெத்திய மொழியில் நடக்கிறது! 1998 ஜூலையில் அந்த இறுதி ஆட்டத்தை நான் அத்தை வீட்டில் பார்த்தேன், நம்மூர் நேரத்துக்கு நள்ளிரவு 12:30, தலையணையை வாயில் வைத்துக்கொண்டு கத்தினேன், மாமா காலையில் டூட்டிக்குப் போக வேண்டும். அதே ராத்திரி இந்த மலைக்குக் கீழே மொட்டைத் தலைகளும் பிரான்ஸின் இதே ஜிடானைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம் என்று நினைத்தபோது எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. ஜிடான் தலையால் முட்டினார். கோல்! கூடம் வெடித்தது. முடிவு தெரிந்த ஆட்டம், கால் நூற்றாண்டுப் பழசு, பிரான்ஸ் 3, பிரேசில் 0, அங்கே இருந்த பொடியன்களில் ஒருத்தன்கூட அப்போது பிறந்திருக்கவில்லை, இருந்தும் கம்பளத்தில் குதிக்கிறார்கள், நானும் குதிக்கிறேன், சிப்ஸ் பறக்கிறது, போர்வை விழுந்தது, ஜெர்கின் விழுந்தது, எப்போது ஸ்வெட்டரைக் கழற்றினேன் என்று எனக்கே தெரியாது, முதுகில் 9-ஐப் பார்த்த மூக்கொழுகி "ரொனால்டோ!" என்று அலறினான், இருபது குரல் "ரொனால்டோ! ரொனால்டோ!" என்று திருப்பிக் கத்தியது, தோற்ற டீமின் பனியனைப் போட்டுக்கொண்டு நான் கூத்தாடுகிறேன்!

ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், நான் 12-வது தடவையாக அந்தப் படத்தைப் பார்க்கப் போனது கோலுக்காக இல்லை. அதற்கு அடுத்த சில நிமிஷங்களுக்காக. டி.வி. வாடகைக்குப் பணம் போதாமல் புதிதாக வந்த சின்னப் பையன் நீமாவிடமிருந்து அவன் அம்மா கொடுத்த கைக்கடிகாரத்தை வாங்கி அடகாக வைத்திருப்பார்கள். ஆட்டம் நடக்கிறது. நீமா அழுகிறான். இந்த ஆட்டத்துக்காக வானத்துக்கும் பூமிக்கும் குதித்த ஒர்கியென், கனவு கண்ட அந்த ஆட்டம் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கும்போது, அதைப் பார்க்க முடியாமல் நீமாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். எழுந்து போய்விடுகிறான். தன் அறையில், விற்றால் காசாகக்கூடிய சாமான் என்ன இருக்கிறது என்று தேடுகிறான், கடிகாரத்தை மீட்க. பின்னாலேயே வருகிற கெகோ, வியாபாரத்தில் நீ தேறமாட்டாய், நல்ல துறவியாவாய் என்கிற மாதிரி ஒரு சொல் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். மந்திரம் இல்லை, ஒளிவட்டம் இல்லை. மேட்ச் பார்க்க முடியாமல் போன ஒரு பையன், அவ்வளவுதான். அத்தனை கூச்சல் போட்ட கூடம் அங்கே அடங்கிப்போனது. மூக்கொழுகி என் கையைப் பிடித்துக்கொண்டான். பாட்டியின் ஜெபச் சக்கரம் கிறீச், கிறீச் என்று சுற்றுவது மட்டும் கேட்டது.

குறை சொல்லவே இல்லையா என்பீர்கள். பெட்ஷீட்டில் கீழே ஒரு மடிப்பு, சப்டைட்டிலின் கடைசி வார்த்தை அந்த மடிப்பில் போய்விழும். தரை ஐஸ். போதுமா?

படத்தின் கடைசியில் மடத்துப் பெரியவர் பாடம் நடத்துவார். முள்ளுக்குப் பயந்து பூமி முழுக்கத் தோல் விரிக்க முடியுமா, காலுக்குச் செருப்புப் போட்டால் போதாதா என்கிற பௌத்தத் துறவி சாந்திதேவரின் பழைய உவமை. விளக்குப் போட்டார்கள். யாருக்கும் எழ மனசில்லை. அமா-லா ஆளுக்கொரு கிண்ணம் துக்பா கொடுத்தார். அடுத்த வருஷம் 'லுனானா' போடச் சொல்லி நான் நச்சரித்தேன், கியென்ட்சே நோர்புவிடம் வேலை கற்ற பாவோ சோய்னிங் டோர்ஜி எடுத்த படம், வகுப்பறைக்குள் ஒரு யாக் மாடு நிற்கும், 2022-ல் ஆஸ்கர் இறுதிப் பட்டியல் வரை போனது என்று என் ஓட்டை இந்தியில் விளக்கினேன். "யாக் எங்களுக்குத் தெரியும்" என்றார் அமா-லா.

வெளியே வந்தால் என் ஷூவைக் காணோம். நூறு ஜோடிச் செருப்புக் குவியலைக் கிளறிப் பார்த்தேன், இல்லை. முற்றத்தில் ஒற்றை பல்பு வெளிச்சத்தில் பொடியன்கள் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அங்கிகளை இடுப்பில் சொருகிக்கொண்டு. நடுவில் மூக்கொழுகி, முழங்கால் வரை முழுங்கிவிட்ட என் ஷூவில், டபக் டபக் என்று ஓடிக்கொண்டிருந்தான். "பையா, ரொனால்டோ பையா, கோல்ல நில்லுங்க!" என்றான். வெறுங்காலோடு சில்லிட்ட சிமெண்டில் போய் ரெண்டு பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு நடுவே நின்றேன். நாலு கோல் வாங்கினேன். நாலாவது, என் ஷூவும் பந்தும் சேர்ந்தே வந்தது. ஷூவைத்தான் பிடித்தேன்.